மன்னார்புரத்தில் ஒரு விலை, வாஞ்சூரில் ஒரு விலை

2017 ஜூன் 16, வெள்ளிக்கிழமை. அன்று காலை ஆறு மணியிலிருந்து நாடு முழுக்க பெட்ரோல், டீசல் விலை தினமும் மாறத் தொடங்கியது. அதுவரை மாதத்துக்கு இரண்டு முறை மாறிக்கொண்டிருந்தது. நான் அப்போது திருச்சி மன்னார்புரத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் போனதும் டேங்குகளில் டிப் எடுத்து, டென்சிட்டி பார்த்து, அன்றைய விலையைப் பலகையில் மாற்றச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பேன்.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலக் கூட்டம். பைக்கில் வந்த ஒருவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நாசில் பிடித்த பையனிடம் கத்திக்கொண்டிருந்தார். "துவாக்குடியில பதினெட்டு பைசா கம்மி. ஒரே ஊரு, ஒரே கம்பெனி. எங்கடா போவுது அந்த பதினெட்டு பைசா?" பையன் சொன்னான், "எனக்கு தெரியாதுங்க சார், மெஷின்ல வர்றதுதான்." அடுத்த நொடி அவன் கன்னத்தில் அடி விழுந்தது. நான் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வருவதற்குள் அந்த ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பையன் வேலைக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

பதினெட்டு பைசா எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வெளியே வந்திருக்க வேண்டியவன் நான். இவ்வளவு நேரம் கழித்தாவது சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தபோதுதான் பதில் துவாக்குடியோடு நிற்கவில்லை என்று புரிந்தது. அது டெக்சாஸ் வரைக்கும், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய திருச்சிக் கோட்டை வரைக்கும் போகிறது.

முதலில் பைசாக் கணக்கு.

சென்னை மணலியில் சுத்திகரித்த பெட்ரோல் 2005ஆம் ஆண்டிலிருந்து பூமிக்கடியில் குழாய் வழியாகத் திருச்சிக்கும் மதுரைக்கும் வருகிறது. திருச்சிக்கான முனையம் தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியைத் தாண்டி வாழவந்தான்கோட்டையில் இருக்கிறது. அங்கிருந்து டேங்கர் லாரியில் ஒவ்வொரு பங்குக்கும் லோடு போகும். லாரி வாடகையை எண்ணெய் நிறுவனம் தன் கையிலிருந்து போடுவதில்லை, அது விலையில் சேர்ந்துவிடும். அதிலும் போய்வரும் தூரம் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுவார்கள். 'ஆர்.டி.கே.எம்.' என்று அதற்குப் பெயர். லாரி காலியாகத் திரும்பி வருகிற தூரத்துக்கும் நாம்தான் கொடுக்கிறோம்.

12,000 லிட்டர் லாரி ஒன்றுக்குக் கூடுதல் வாடகை 1,200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்குப் பத்து பைசா. அத்தோடு முடியாது. 2017 மார்ச்சில் தமிழ்நாடு பெட்ரோல் மீதான வாட் வரியை 27 சதவீதத்திலிருந்து 34 ஆக உயர்த்தியிருந்தது. சதவீத வரி என்றால் வாடகைக்கும் வரி உண்டு. அந்த விகிதத்தில் பத்து பைசா தூரம் பங்குக்கு வரும்போது பதின்மூன்று பைசாவைத் தாண்டியது. மலைக்குப் போகப் போக இது ஏறும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எப்போதும் விலை கூடுதலாக இருப்பது இதனால்தான். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்களின் பங்குகள் எதிரெதிரே இருந்தாலும் சில பைசா வித்தியாசம் வரலாம், அவரவர் டெப்போ வேறு வேறு இடத்தில்.

பங்க் முதலாளிக்கு இதில் என்ன கிடைக்கிறது? விலையை அவர் வைப்பதில்லை. லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். பக்கத்து ஊரைவிட இங்கே விலை கூடினால் அவருக்கு வியாபாரம்தான் குறையும். நாசில் பிடிக்கும் பையனுக்கு அதுகூட இல்லை. சம்பளம் மட்டும்தான், சில சமயம் அடி.

ஆனால் அந்த பைக்காரரின் கோபத்தை நான் முழுசாகத் தப்பு என்று சொல்லமாட்டேன். அவர் பைசாவைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். கோபப்பட வேண்டிய ரூபாய்கள் வேறு இடத்தில் இருந்தன.

மன்னார்புரம் நாலு ரோட்டிலிருந்து கொஞ்சதூரம் நடந்தால் டி.வி.எஸ். டோல்கேட். ஊரின் இன்னொரு கோடியில், ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் பாலம் இறங்கினால் நம்பர் ஒன் டோல்கேட். "டோல்கேட் ஒண்ணு குடுங்க" என்று டவுன் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற யாரும் அங்கே கேட்டைப் பார்த்ததில்லை. ஒருகாலத்தில் ஊருக்குள் நுழையும் வண்டிகளிடம் சுங்கம் வாங்கிய சாவடிகளின் பெயர் ஊர்ப் பெயராகத் தங்கிவிட்டது.

தமிழில் சுங்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகள் மீது புலி முத்திரை குத்தி அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்த வரிக்கு 'உல்கு' என்று பெயர். முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். அவன் வென்ற போர்களைவிட எடுத்துவிட்ட வரி நீண்ட நாள் நினைவில் நின்றிருக்கிறது.

மெட்ராஸ் மாகாணத்தில் சாலைச் சுங்கங்கள் 1931இல் போயின. அந்த வருஷத்து மோட்டார் வாகன வரிச் சட்டம் சாவடிகளை எடுத்துவிட்டு, வண்டிக்கு ஒரே வரி என்று போட்டது. சாவடி வருமானம் போன உள்ளாட்சிகளுக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தது. சுங்கம் கேட்டிலிருந்து வண்டிக்கு நகர்ந்தது. அடுத்து வண்டியிலிருந்து லிட்டருக்கு நகர்ந்தது.

சொல்லப்போனால் லிட்டர் மீது ஏற்கெனவே ஒரு கை இருந்தது. முதல் உலகப்போரின் நடுவில், 1917இல், இந்திய அரசு பெட்ரோலுக்குக் கலால் வரி போட்டது. போர் முடிந்த பிறகும் வரி முடியவில்லை. 1929இல் சாலை நிதிக்காக அதன் மேல் கேலனுக்கு இரண்டணா ஏறியது.

வரிக்கு முந்தைய விலையே விசித்திரமானது. 1928இல் ஸ்காட்லாந்தின் ஆக்னகாரி மாளிகையில் உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்களின் தலைவர்கள் கூடி, இனிமேல் ஒருவர் சந்தையில் இன்னொருவர் கைவைப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஸ்டாண்டர்ட் ஆயிலின் நியூயார்க் நிறுவனம் சோவியத் மண்ணெண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்றதில் ஷெல் நிறுவனத்தோடு பெரிய விலைப்போர் மூண்டிருந்தது. இங்கே சீமெண்ணெய் விளக்கு வைத்திருந்த ஏழைகளுக்குச் சில மாதங்கள் மலிவாகக் கிடைத்திருக்கும். அந்தப் போர்தான் பெரியவர்களைச் சமாதானத்துக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று.

அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த விலைச் சூத்திரம் இதுதான்: எண்ணெய் எங்கிருந்து வந்தாலும் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுக விலையும் அங்கிருந்து கப்பல் கூலியும் சேர்த்துக் கணக்கிடுவது. ஈரானின் அபாதானிலிருந்து சில நாளில் இந்தியக் கரைக்கு வந்துவிடும் எண்ணெய்க்கும், டெக்சாஸிலிருந்து உலகத்தைச் சுற்றி வந்ததுபோலக் கூலி. வராத கப்பலுக்குக் கொடுத்த வாடகை அது. அப்புறம் துறைமுக விலையோடு ரயில் கூலியைச் சேர்த்து உள்ளூர் விலை. கடற்கரை ஊருக்கு ஒரு விலை, உள்நாட்டு ஊருக்கு ஒரு விலை என்பது அப்போதிருந்தே உண்டு. இந்தியாவில் இந்த வியாபாரத்தை நடத்தியவற்றில் பெரியது பர்மா ஷெல். அதுவும் 1928இல்தான் உருவானது.

லிட்டர் மீது இரண்டாவது கை விழுந்தது 1938இல். மத்திய மாகாணம் பெட்ரோல் சில்லறை விற்பனைக்கு ஐந்து சதவீத வரி போட்டது. கலால் எங்கள் அதிகாரம், மாகாணம் எப்படிப் போடலாம் என்று மத்திய அரசு எதிர்த்தது. புதிதாக அமைந்திருந்த கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது விவகாரம். தலைமை நீதிபதி மாரிஸ் க்வையர். உற்பத்தி செய்யும்போது போடும் வரி வேறு, விற்கும்போது போடும் வரி வேறு, மாகாணம் போடலாம் என்றது நீதிமன்றம். அடுத்த வருஷமே மெட்ராஸில் ராஜாஜி அரசு பெட்ரோல் விற்பனை வரிச் சட்டமும் பொது விற்பனை வரிச் சட்டமும் கொண்டுவந்தது. சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்ததால் போன கள் வருமானத்தை எங்காவது ஈடுகட்ட வேண்டியிருந்தது.

ஒரே லிட்டரில் டெல்லியின் கையும் மாகாணத்தின் கையும் ஒன்றாக இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பில் உறுதியானது. டெல்லி வரி நாடு முழுக்க ஒன்று. மாகாண வரி எல்லையோடு நின்றுவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்பதற்கான கதவு அங்கேதான் திறந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு தூரத்தின் வித்தியாசத்தைக் குறைக்க அரசு முயன்றது. எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல், கால்டெக்ஸ் 1976இலும் அரசு கைக்கு வந்தன. 1977 டிசம்பரிலிருந்து நிர்வாக விலை முறை. எந்தச் சுத்திகரிப்பு ஆலையாக இருந்தாலும், எந்தத் துறைமுகமாக இருந்தாலும் வெளியே வரும் விலை ஒன்றே. அதற்கப்புறம் உள்ள போக்குவரத்துக்கு மட்டும் ஊருக்கு ஊர் வித்தியாசம். நான் வேலைக்குச் சேர்ந்த 1998இல் இந்த முறைதான் இருந்தது. விலை மாறினால் செய்தித்தாளில் தலைப்புச் செய்தி வரும். முந்தைய நாள் ராத்திரி பங்கில் வரிசை தெருவரைக்கும் நிற்கும். 2002 ஏப்ரல் 1 அன்று அந்த முறை முடிந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையும் 2014 அக்டோபரில் டீசல் விலையும் நிறுவனங்களின் கையில் போயின. தூரம் மறுபடி பலகையில் தெரிய ஆரம்பித்தது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நாடு முழுக்க ஒரே வரி. பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தை மட்டும் வெளியே நிறுத்திவைத்தார்கள். மாநிலங்களுக்குச் சொந்தமாக விகிதம் வைத்துக்கொள்ள மிஞ்சிய பெரிய வருமானங்கள் மதுவும் எரிபொருளும்தான். விடச் சொன்னால் யார் விடுவார்கள்? 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பேச்சை எடுத்து, இது நேரமில்லை என்று மூடிவைத்தது.

அந்தப் பையன் அடி வாங்கியது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில். தினசரி விலை வந்து ஒரு வாரம், ஜி.எஸ்.டி. வர ஒரு வாரம்.

இப்போது ரூபாய்க் கணக்குக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி அரியமங்கலத்தில் லாரி வைத்திருக்கிறார். காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வருவார். திருச்சியிலிருந்து காரைக்கால் சுமார் 150 கிலோமீட்டர். போகும்போது எங்கள் பங்கில் டீசல் போடவே மாட்டார். "மாமா, கோவிச்சுக்காதீங்க. போய்ச் சேர்ற அளவுக்கு மட்டும்தான் டேங்க்ல வச்சிருப்பேன். அங்க ஃபுல் பண்ணிட்டு வந்துருவேன்" என்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

நாகூர் தர்கா மினார்கள் கண்ணிலிருந்து மறைவதற்குள் வாஞ்சூர் வந்துவிடும். நடுவில் மலை இல்லை, கடல் இல்லை. அதே உப்பங்காற்று, அதே பனைமரம், அதே தமிழ். ஆனால் சாலையின் இரண்டு பக்கமும் பங்குகளும் மதுக்கடைகளும் நெருக்கியடித்து நிற்கும். நாகை மாவட்டத்து பைக்குகள் வரிசையில் நிற்கும். காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டு. அதன் வாட் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. 2021 நவம்பரில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் கலால் குறைத்தபோது புதுச்சேரி தன் பங்குக்கு 7 ரூபாய் குறைத்தது. தமிழ்நாடு அதற்கு மூன்று மாதம் முன்பே, ஆகஸ்டில், பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்திருந்தது. மறுபடி குறைக்கவில்லை. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. புதுச்சேரியில் 96 ரூபாயை ஒட்டி. ஆறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். துவாக்குடியின் பதினெட்டு பைசா இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாகூருக்கு அருகே, தமிழ்நாட்டுப் பக்கத்தில் பனங்குடி. நரிமணத்தில் எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க 1993இல் அங்கே ஆலை போட்டார்கள். எண்ணெய் எடுத்த மண்ணும் அதைக் காய்ச்சிய ஆலையும் கோட்டுக்கு இந்தப் பக்கம். மலிவு விலை அந்தப் பக்கம். விலையை நிர்ணயிப்பது தூரம் மட்டும்தான் என்றால் இது நடக்கக் கூடாது. தூரம் பைசாவில் பேசுகிறது, கோடு ரூபாயில் பேசுகிறது.

அந்தக் கோட்டை யார் போட்டது? பிரெஞ்சுக்காரர்கள் என்போம். ஆனால் போட்ட கை திருச்சியிலிருந்து போனது. 1738இல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் சாகுஜி காரைக்காலைப் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்வாங்கினார். அப்போது திருச்சிக் கோட்டை சந்தா சாகிபின் கையில் இருந்தது. ராணி மீனாட்சியிடமிருந்து அவர் பிடித்தது. பிரெஞ்சுக்காரர்களின் நட்பு அவருக்குத் தேவைப்பட்டது. படை அனுப்பிக் காரைக்காலைப் பிடித்து 1739 பிப்ரவரியில் அவர்களிடம் ஒப்படைத்தார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1752 ஜூனில், அவருக்குத் துணை வந்த பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்துக்குள் அடைபட்டு ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். திருச்சி ஆங்கிலேயர் பக்கம் போனது. காரைக்கால், 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரர்களுக்கே திரும்பியது.

கோடு போட்டவுடன் இரண்டு விலையும் வந்துவிடும். அன்றைக்குப் பெட்ரோல் இல்லை, உப்பு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக வைத்து விலை ஏற்றியிருந்தது. பிரெஞ்சுப் பகுதியில் காய்ச்சிய உப்பு எல்லை தாண்டினால் அந்த ஏகபோகம் ஓட்டையாகிவிடும். ஆகவே 1815 ஒப்பந்தத்தில், பிரெஞ்சுப் பகுதி உப்பின் மீதான உரிமைக்காக வருஷத்துக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க ஆங்கிலேயர் சம்மதித்தார்கள். விலை வித்தியாசம் எல்லை தாண்டாமல் இருக்க ஒரு அரசு இன்னொரு அரசுக்குப் பணம் கட்டியது. 1941இல் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டன. 1949இல் அது முறிந்தது. சுதந்திர இந்தியா பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றிச் சுங்கச்சாவடிகள் வைத்தது, கடத்தல் தொழிலாகவே ஆனது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியா கைக்கு வந்தது, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் வந்தது.

அப்போதே காரைக்காலைத் தஞ்சாவூர் மாவட்டத்தோடு சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. 1963இல் புதுச்சேரிக்குச் சட்டமன்றம் அமைந்தது, அதோடு வரி விகிதம் வைக்கும் அதிகாரமும். சிறிய பிரதேசம், கொஞ்சம் ஜனம். வரியைக் குறைத்து வைத்தால் பக்கத்து மாநிலத்து வண்டியெல்லாம் வந்து போடும், லிட்டருக்குக் குறைந்ததை லிட்டர் கணக்கில் எடுத்துவிடலாம். ஏழு கோடிக்கு மேல் ஜனம் உள்ள தமிழ்நாடு அப்படிச் செய்ய முடியாது. அதற்கு வெளியிலிருந்து வந்து போட ஆளில்லை, வரி அதன் சொந்த ஜனம்தான் கட்ட வேண்டும். ஆகவே நாகூர்ப் பக்கத்து பங்குக்காரர் ஈ ஓட்டுகிறார், ஒரு கூப்பிடு தூரத்தில் வாஞ்சூர் பங்கில் வரிசை நிற்கிறது. இருவரில் யாரும் கெட்டவர் இல்லை.

லாபம் யாருக்கு என்றுதான் யோசிக்கிறேன். 150 கிலோமீட்டர் போகிற லாரிக்குத்தான். மன்னார்புரத்தில் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டிக்கு ஐம்பது ரூபாய்க்குப் போடச் சொல்கிற காய்கறிக்காரர் வாஞ்சூருக்குப் போக முடியாது. கோட்டின் கதவு பெரிய டேங்க் உள்ளவனுக்குத்தான் திறக்கிறது. சின்ன டேங்க் உள்ளவன் தான் இருக்கும் இடத்து விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறான், அந்த விலைக்குள் டெல்லி, சென்னை, காலியாகத் திரும்பிய லாரி எல்லாம் இருக்கின்றன.

2024 அக்டோபர் கடைசியில் எண்ணெய் நிறுவனங்கள் மாநிலத்துக்குள்ளான போக்குவரத்துக் கூலியைச் சீரமைத்தன. டெப்போவிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் விலை கொஞ்சம் இறங்கியது. தூரத்தின் பைசாவைத் தட்டிச் சமப்படுத்த மனம் வந்திருக்கிறது. கோட்டின் ரூபாயை அப்போது யாரும் தொடவில்லை.

நான் இப்போது வேலையில் இல்லை. சில சாயங்காலங்களில் மன்னார்புரத்திலிருந்து டோல்கேட் வரைக்கும் நடப்பேன். அங்கே கேட் இருந்த இடம் எதுவென்று கேட்டால் யாருக்கும் காட்டத் தெரியாது. அந்த நாளில் வண்டிக்காரன் சுங்கக்காரனின் முகத்தைப் பார்த்து ஏன் இவ்வளவு என்று சண்டை போட்டிருப்பான், சண்டை போட அங்கே ஒரு முகம் இருந்தது. இன்று சுங்கம் குழாய் வழியாக வருகிறது. அதன் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு வயசு பத்தொன்பது. "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று சொல்வதுதான் அவன் வேலை.

தம்பி, நீ சொன்னது சரிதான். மெஷினில் வருவதுதான் அது. மெஷினுக்குப் பின்னால் இருப்பதை அன்றைக்கு நான் வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும்.